பெண் கொடுக்கும் முன் கோத்தகிரி

ஜூலை முதல் வாரம், திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்குக் கும்மிடிப்பூண்டியில் நான் மின்சார ரயில் ஏறினேன். ஏறத்தாழ அதே நேரத்தில் என் கணவர் தேவராஜ் இரண்டு பைகளோடு திருவள்ளூரில் வேறொரு மின்சார ரயில் ஏறினார். எங்கள் வீடு மணவாள நகரில். என் வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பிரிவில். தினமும் பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகக் கம்பெனி பேருந்தில் போய் வருகிறேன். ரயிலில் போனால் இரண்டு பாதைகளும் சென்னைக்குள் நுழைந்த பிறகுதான் சேரும். ஆகவே கணவனும் மனைவியும் சென்ட்ரலில் சந்தித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

அவர் எனக்கு முன்பே வந்து, நடைமேடை ஓரம் பைகளின்மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

"இன்னா கிரேசு, லாரிய அனுப்பிட்டுதான் வந்தியா, கூடவே ஓட்டிகினு வந்தியா?"

"கடைசி லாரிக்குப் பில் போட்டுட்டுத்தான் வந்தேன். டிக்கெட் எங்க?"

"பாக்கெட்ல கீது. நீ குட்த்தத நீயே கேக்குற."

எங்கள் மகள் எஸ்தருக்காகத்தான் இந்தப் பயணம். அவள் வேலை செய்யும் மின்சாதனத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் மூன்று வருடம் இருந்தவர் பிரவீன். சொந்த ஊர் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். சென்ற வருடம் அவருடைய அப்பா இறந்ததும், அம்மா தனியாக இருக்கிறாரே என்று ஊருக்கே திரும்பிவிட்டார். இப்போது அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கட்டிக்கொண்டால் அவரைத்தான் என்றாள் எஸ்தர். பையனைப் பற்றி எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. என் கவலை அவள் நெஞ்சைப் பற்றியது. எட்டு வயதிலிருந்து அவளுக்கு இழுப்பு உண்டு. நடுராத்திரியில் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு திருவள்ளூர் மருத்துவமனைக்கு எத்தனையோ முறை ஓடியிருக்கிறோம். குளிரும் மழையும் உள்ள மலையில் அவளுக்கு மூச்சு முட்டினால் யார் தூக்குவார்கள், எங்கே தூக்குவார்கள்? நான் மணவாள நகரிலிருந்து போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? இதைப் பார்க்காமல் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அவளுக்கு இழுப்பு உண்டு என்பதைப் பையன் வீட்டுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சில் அதை முதலில் சொன்னால் பேச்சே நின்றுவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். பையனுக்குத் தெரியும். அவருடைய அம்மாவுக்குத் தெரியாது.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு உதவும் விவரங்கள். சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரவு ஒன்பது மணி வாக்கில் ரயில் புறப்படுகிறது. படுக்கை வசதிப் பெட்டியில் ஆளுக்கு நானூறு ரூபாய்க்குள் அடங்கியது. வார இறுதிக்கு இடம் கிடைப்பது கடினம். எங்களுக்குத் திங்கட்கிழமை என்பதால் சுலபமாகக் கிடைத்தது. என் தொழிற்சாலையில் வார விடுமுறை செவ்வாய். அதோடு புதன் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன்.

செவ்வாய், காலை. ஆறரைக்கு முன்பே மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிட்டோம். பேருந்து நிலையம் நடக்கும் தூரம்தான். ஊட்டிக்கும் குன்னூருக்கும் போகிற கூட்டம் ஒருபக்கம் முட்டி மோதிக்கொண்டிருக்க, கோத்தகிரி பேருந்தில் ஜன்னலோர இருக்கை தாராளமாகக் கிடைத்தது. முப்பத்து மூன்று கிலோமீட்டர். டிக்கெட் நாற்பது ரூபாய்க்குள். சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். பேருந்துப் பயணிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்தி ஒரு பெண் ஊழியர் ஏறினார். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. என் கணவர் சென்ட்ரலில் வாங்கிய பாட்டிலை மடியில் வைத்து, மேலே துண்டைப் போர்த்தியிருந்தார்.

"அண்ணா, துண்டை எடுங்க."

"அது தண்ணிம்மா. சாராயம் இல்ல."

"சாராயமா இருந்தாலும் பாட்டில்தான் எனக்கு வேணும்" என்றார் அவர். பேருந்தே சிரித்தது. இவர் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுப் பாட்டிலைக் கொடுத்தார். போகிறவர்கள் எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். கோத்தகிரி பேருந்து நிலையத்தில் குடிநீர் இயந்திரம் இருக்கிறது.

மணவாள நகருக்கும் திருப்பாச்சூருக்கும் இடையில் இருபது வருடமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் என் கணவர். வேறு யார் வண்டி ஓட்டினாலும் அவருக்குக் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். முதல் வளைவில் "ஆரன் அடி நைனா" என்று முணுமுணுத்தார். மூன்றாவது வளைவில் எழுந்தே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு பாக்கு மரங்கள் மறைந்து தேயிலைச் சரிவுகள் தொடங்கின. மழை தூறியது. பேருந்துக்குள் மேகம் வந்துபோனது. அவர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஆளு நல்லாத்தான் ஓட்றான்" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

எனக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்பாட்ச் வேலையில் லாரி எப்போது எங்கே இருக்கும் என்று சொல்லிப் பழகியவள். மணவாள நகரில் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி வந்தால் மறுநாள் காலை எட்டரைக்குள் கோத்தகிரியில் இருக்கலாம். இரவு பத்து மணிக்கு வந்தால்? ரயில் போயிருக்கும். நேரடிப் பேருந்து, வாடகைக் கார், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் ஒரு பகல் ஆகும்.

எட்டரைக்குக் கோத்தகிரி. சின்ன ஊர். மார்க்கெட், கடைத்தெரு, தேவாலயம் எல்லாமே ஏற்றத்திலோ இறக்கத்திலோதான் இருக்கின்றன. நாஷ்டாவுக்கு இட்லி, தோசை. இருவருக்கும் சேர்த்து நூற்றிருபது ரூபாய். கூட வர்க்கி பிஸ்கட்டும் தேநீரும் தனியாக. தேநீர் பதினைந்து ரூபாய், நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் ஊருக்குத் துரோகம்.

பையன் வீட்டுக்கு நாங்கள் வருவதாகச் சொல்லவில்லை. இது என் கணவரின் யோசனை. "சொல்லிகினு போனா பெய்ன்ட் அட்ச்சு வெப்பாங்க. சொல்லாம போனாத்தான் ஊடு எப்டி கீதுன்னு தெரியும்" என்றார். எஸ்தரும் பிரவீனிடம் வாய் திறக்கவில்லை. டவுன் பேருந்தில் அந்த ஊருக்குப் போனோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவருக்கு மட்டும் பத்து ரூபாய் டிக்கெட். "பொண்ணு பாக்க வர்ற ஊர்ல ஆம்பளைக்குத்தான் டப்பு செலவு" என்று கண்டக்டரிடம் புலம்பினார். கண்டக்டர், "நீங்க மாப்பிள்ளைதான பாக்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியவில்லை. என் கையில் இருந்த பழக் கூடையும் பூவும் சொல்லியிருக்கலாம்.

வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீடும் பூட்டியிருந்தது. அந்த வரிசையில் இருந்த எட்டு வீடுகளும் பூட்டியிருந்தன. ஒரு நாய் மட்டும் எங்களைப் பார்த்துக் குரைக்க யோசித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை என் தொழிற்சாலைக்குத்தான் விடுமுறை. தேயிலைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நாள் விடுமுறை. அங்கே வேலை பார்த்துப் பார்த்து, உலகத்துக்கே என் கம்பெனியின் கிழமைதான் என்று நினைத்துவிட்டேன்.

"ஊடு எப்டி கீதுன்னு பாத்தாச்சு. பூட்டு நல்லா கீது. கெளம்பலாமா?" என்றார் கணவர்.

சரிவில் கொழுந்து வெட்டும் கத்தரிச் சத்தம் கேட்டது. அந்தத் திசையில் இறங்கினோம். அரை ஏக்கர் இருக்கும் ஒரு சிறு தோட்டம். தலையில் துணி, இடுப்பில் தார்ப்பாய்த் துண்டு, கையில் பை கட்டிய கத்தரி. ஏறத்தாழ நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். பூவைப் பார்த்தார். பழக் கூடையைப் பார்த்தார்.

"எஸ்தர் அம்மாவா?"

"ஆமா."

"ஐயோ அக்கா, இன்னிக்கா வருவீங்க!"

அவர்தான் பிரவீனின் அம்மா, புஷ்பம். எங்களை உட்காரச் சொல்ல அங்கே ஒரு இடமும் இல்லை. கொழுந்து எடுக்க வரும் வண்டி மூன்று மணிக்கு ரோட்டுக்கு வந்துவிடும். அதற்குள் வெட்டி முடித்து மேலே ஏற்ற வேண்டும். விட்டால் மூட்டைக்குள் இலை சூடேறிப் போய்விடும். நாளைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். இதையெல்லாம் அவர் வெட்டிக்கொண்டே சொன்னார். "கோச்சுக்காதீங்க. கை நின்னா வண்டி போயிரும்."

"கோவம் இன்னாத்துக்கும்மா. எங்கூட்லயும் லாரி போச்சுன்னா இவ சோறு துண்ண மாட்டா" என்றார் என் கணவர். சட்டையைக் கழற்றிப் பழக் கூடைமேல் போட்டுவிட்டு ஒரு மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார். சரிவு வழுக்கியது. ஒரு முறை உட்கார்ந்தே இறங்கினார். ஆனாலும் மூட்டைகளை ரோட்டுக்குக் கொண்டுபோனது அவர்தான். நான் முற்றிய இலைகளைப் பொறுக்கி எடுத்தேன். புஷ்பம் வேண்டாம் வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, நான்காவது முறை, "அதுல காம்பும் எடுத்துருங்கக்கா" என்றார்.

வண்டி வந்தது, எடை போட்டார்கள், போனது. அதற்குப் பிறகுதான் வீட்டைத் திறந்தார். சுத்தமான இரண்டு அறை வீடு. விறகு அடுப்பு. அரிசிச் சோறும் பீன்ஸ் பொரியலும் அரைமணியில் செய்தார். சமையல் புகை கூரையடியில் சுற்றியது. நான் வாசலுக்கு வந்து நின்றேன். பின்சுவரில் மழை ஈரம் ஆளுயரத்துக்கு ஏறியிருந்தது. பிரவீனுக்கு அன்று ஆலையில் பகல் ஷிப்ட்; இரவுதான் வருவார்.

சாப்பிட்டதும், டவுனில் லாட்ஜ் எடுக்கப் போகிறோம் என்றேன். அங்கேயே தங்கும்படி வற்புறுத்தினார். நான் பிடிவாதம் பிடித்தேன். "அப்போ நானும் வரேன். நல்ல லாட்ஜ் எனக்குத் தெரியும்" என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. நான் பார்க்க வேண்டியது லாட்ஜ் அல்ல.

பேருந்திலிருந்து இறங்கி, கடைத்தெருவில் மூன்று பேரும் நடந்தோம். அரசு மருத்துவமனைப் பலகையைக் கண்டதும் என் கால் தானாகத் திரும்பியது. உள்ளே ஒரு செவிலியரிடம், இரவில் மருத்துவர் இருப்பாரா, மூச்சுத் திணறலுக்கு நெபுலைசர் இருக்கிறதா, ஆக்சிஜன் உண்டா என்று கேட்டேன். எல்லாம் இருக்கிறது என்று பொறுமையாகப் பதில் சொன்னார். திரும்பினால் புஷ்பம் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"யாருக்குக்கா முடியல?"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "எனக்குத்தாம்மா. இழுப்பு. பேஜாரா கீது."

புஷ்பம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே, பதினோரு மூட்டை தூக்கிக்கிட்டு மேட்டுல ஓடுனீங்க. உங்களுக்கு இழுப்புன்னா இந்த ஊர்ல எல்லாருக்கும் இழுப்புதான்."

கணவர் இரண்டு தடவை இருமிப் பார்த்தார். அவருக்கே அது நன்றாக வரவில்லை. நான் சொல்லிவிட்டேன். எஸ்தருக்கு என்றேன். எட்டு வயதிலிருந்து என்றேன். சொல்லாமல் இருந்தது தப்புதான், பேச்சு நின்றுவிடும் என்று பயந்தோம் என்றேன். புஷ்பம் வாசலைப் பார்த்து நடந்தார். வெளியே வந்து ஒரு தேநீர்க் கடையில் மூன்று டீ சொன்னார். என் கணவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். இனி பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்றே நினைத்தேன்.

"எதுக்கு வரும்? பனிக்கா, புகைக்கா?" என்று கேட்டார் புஷ்பம்.

"புகைக்கு. தூசிக்கு. கம்பெனிப் பக்கம் காத்து கெட்டுக் கெடந்தா அன்னிக்கு ராத்திரி கண்டிப்பா வரும். பனிக்கு எப்படின்னு தெரியாது. அவ மலை ஏறினதே இல்ல."

"அப்போ என் வீடு ஆகாது."

என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"விறகு அடுப்பு, ஈரச் செவுரு. ஆடியில உள்ள உக்காந்தா எனக்கே நெஞ்சு அடைக்கும். அந்தப் பிள்ளை இந்த வீட்டுல இருக்க வேணாம். டவுன்ல, இந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல வாடகைக்குப் பாத்துக்கட்டும் ரெண்டு பேரும். கேஸ் அடுப்பு, மேட்டு வீடு, வெயில் படுற ஜன்னல். நான் கேட்டுச் சொல்றேன்."

"நீங்க? உங்களுக்குத் துணைக்குன்னுதான தம்பி திரும்பி வந்திருக்காரு?"

"எனக்கு இலை இருக்கு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு டவுனுக்குத்தான வரேன். அப்படியே போய்ச் சாப்பிட்டுட்டு வருவேன்." கொஞ்சம் டீ குடித்தார். "ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு. நல்ல மழையில அவளைக் கூட்டிக்கிட்டு வாங்க. நீங்களும் கூட இருங்க. பத்து நாள் இருந்து பாக்கட்டும். ஒடம்பு ஒத்துக்கிச்சுன்னா பேசலாம்."

"ஒத்துக்கலைன்னா?" என்றார் என் கணவர்.

"ஒத்துக்கலைன்னா அவன அங்க அனுப்பிருவேன். மூணு வருஷம் அங்கதான இருந்தான். நான் சாகலையே."

இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. டீக்கடை பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். கொழுந்துக் கறை ஏறிய கை. சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. என் விரலிலும் அன்றைக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. மூன்று டீக்கும் அவரே காசு கொடுத்தார். என் கணவர் பையில் கைவிட்டதற்கு, "இழுப்புக்காரங்க சும்மா இருங்க" என்றார்.

லாட்ஜ் வாடகை ஆயிரத்து இருநூறு ரூபாய். வெந்நீர் காலையில் மட்டும். ஜூலையில் போகிறவர்கள் கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று போதாது. அம்மா போனில் சொல்லியிருந்ததால், இரவு பிரவீன் ஆலையிலிருந்து நேராக லாட்ஜுக்கு வந்தார். வறுத்த தேயிலை வாசனை அவரோடு அறைக்குள் வந்தது. எங்கள் முன்னால் உட்காரவே மாட்டேன் என்று நின்றார். "உக்காரு நைனா, நாங்க இன்னா இன்ஸ்பெக்சனுக்கா வந்துகீறோம்" என்று கேட்டார் என் கணவர். வந்ததே அதற்குத்தான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

புதன், காலை. ஒன்பதரைப் பேருந்துக்குப் புஷ்பம் வழியனுப்ப வந்தார். ஒரு கிலோ தேயிலைத் தூளும் ஒரு பை கேரட்டும் கொண்டுவந்திருந்தார். அன்று காலை வேலைக்குப் போகவில்லை. பெண்ணைப் பார்க்க அவர்கள் வருவதுதான் முறை என்பதால், எங்கள் ஊருக்கு வரும் வழியைக் கேட்டார். அவர் சென்னைக்கு வந்ததே இல்லை. நான் சொன்னேன். மேட்டுப்பாளையத்தில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது சென்ட்ரல். வெளியே போய்விட வேண்டாம், பக்கத்திலேயே மின்சார ரயில் நிலையம். பலகையில் அரக்கோணம், திருத்தணி, திருவள்ளூர் என்று எது போட்டிருந்தாலும் ஏறலாம். கும்மிடிப்பூண்டி என்று போட்டிருந்தால் ஏற வேண்டாம். திருவள்ளூரில் இறங்கினால் இவர் ஆட்டோவோடு நிற்பார். வெயிலுக்குக் குடை கட்டாயம்.

"உங்க ஊர்ல பாக்குறதுக்கு என்னக்கா இருக்கு?"

நான் யோசித்தேன். பூண்டி ஏரி இருக்கிறது, கோடையில் பாதி வற்றிவிடும். திருப்பாச்சூரில் பழைய சிவன் கோயில் இருக்கிறது. மற்றபடி லாரிகள், புகைபோக்கிகள், ஷிப்ட் முடிந்து பேருந்துக்கு ஓடும் ஜனங்கள். மேகம் வீட்டுக்குள் வந்துபோகும் இடத்தில் இருப்பவரிடம் எதைச் சொல்வது?

"ஒரு பொண்ணு கீதும்மா. வேற ஒண்ணும் இல்ல. அத்தப் பாக்க வாங்க" என்றார் என் கணவர்.

பேருந்து நகர்ந்தது. புஷ்பம் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார். பிறகு வளைவு வந்துவிட்டது.

இறங்க இறங்கக் காது அடைத்துத் திறந்தது. தேயிலை போய்ப் பாக்கு மரங்கள் வந்தன, வெயில் வந்தது, செல்பேசியில் சிக்னல் முழுதாக வந்தது. எங்கள் ஊரில் காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜன்னலைச் சாத்திக்கொள்வோம், அவ்வளவுதான். இங்கே ஒரு தேநீர்க் கடையில் நின்று, வீட்டின் சுவரையும் அடுப்பையும் ஜன்னலையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒரு பெண் மூச்சு விடுவதற்கு எது ஆகும், எது ஆகாது என்று பேசியிருக்கிறோம். அதுவும் அதிகம் பேசியவர், அவளை ஒரு முறைகூட நேரில் பார்க்காதவர்.

குஞ்சப்பனை தாண்டி மலை முடியும் இடத்தில் எஸ்தர் அழைத்தாள். காலை ஷிப்ட் இடைவேளை போல. பின்னால் கேன்டீன் தட்டுகள் சத்தம்.

"இன்னாம்மா, ஊரு எப்டி கீது?"

"குளிரு. ஸ்வெட்டர் ரெண்டு வாங்கணும்."

"ரெண்டா?"

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஆடியில பத்து நாள் லீவு சொல்லி வை. மழையில அங்க இருந்து பாக்கப் போறோம். உன் இழுப்பைப் பத்தி அவுங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அவுங்க இன்னா சொன்னாங்க?"

"வெயில் படுற ஜன்னலோட வீடு பாக்குறேன்னு சொன்னாங்க."

நான் செல்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே அவள் மூச்சு கேட்டது. பதினேழு வருடமாக நான் இருட்டில் படுத்துக் கேட்டுப் பழகிய மூச்சு. சீராக இருந்தது.